கண்ணுக்குக் கீழே கருப்பா? மூடுவதில் காட்டும் அக்கறையைக் கழுவுவதிலும் காட்டுங்கள்

“என்ன, ராத்திரி சரியா தூங்கலையா?”

வெளிநாட்டில் வேலைக்குப் போகும் நம்ம ஊர்ப் பெண்கள் ஒருநாள் மேக்கப் போடாமல் அலுவலகம் போனால் காதில் விழும் முதல் கேள்வி இது. எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்தவரிடமும் இதையே கேட்பார்கள். வெள்ளைக்காரர்கள் மட்டும் இல்லீங்க, நம்ம ஆட்களும்தான். வீடியோ மீட்டிங் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். தலைக்கு மேலே எரியும் விளக்கு எல்லார் கண்ணுக்குக் கீழேயும் நிழல் போடுகிறது. அந்த முகத்தை நாமே நாள் முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அதனால் தினமும் காலையில் கன்சீலர், அதன்மேல் பவுடர், ஐலைனர், மஸ்காரா. இதில் தப்பு ஒன்றும் இல்லை. மேக்கப் போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம். என் வாதம் வேறு. மூடுவதற்குப் பத்து நிமிஷமும் நல்ல பணமும் செலவு செய்கிற நாம், ராத்திரி அதை எடுப்பதற்கு முப்பது நொடிகூட ஒதுக்குவதில்லை. அது போதாதென்று, கருமையைப் “போக்க” ஊரிலிருந்து சூட்கேஸில் வரும் க்ரீம்களை நம்புகிறோம். கண்ணுக்குக் கீழே நடக்கும் சேதத்தில் பெரும்பங்கு இந்த இரண்டு பழக்கங்களால்தான்.

முதலில் அந்த இடத்தைப் புரிந்துகொள்வோம். கண்ணிமைத் தோல் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதை ஒட்டிய கீழ்ப்பகுதியும் கன்னத்துத் தோலைவிட ரொம்ப மெல்லியது. எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு, அடியில் கொழுப்பும் அதிகம் இல்லை. தோலுக்கு நேர் கீழே கண்ணைச் சுற்றும் தசையும் ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை இமைக்கும் ஓயாத இடம் அது. கன்னம் தாங்குகிற தேய்ப்பை அது தாங்காது.

மென்பொருள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. பிழை எங்கே என்று கண்டுபிடிக்காமல் மேலே பேட்ச் போடமாட்டோம். போட்டால் அது வேறு இடத்தில் வெடிக்கும். கருவளையமும் அப்படித்தான். காரணம் ஒன்றல்ல. சிலருக்கு அது மெலனின் என்ற நிறமி. பரம்பரையாக வருவது, நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்குச் சகஜம். சிலருக்கு மெல்லிய தோல் வழியாகத் தெரியும் ரத்தக் குழாய்கள். சிலருக்குக் கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள குழியில் விழும் நிழல். இன்னும் சிலருக்கு அலர்ஜி. நான் இருக்கும் கனடாவில் வசந்தத்தில் மரங்களின் மகரந்தம், ஆகஸ்ட் மாதத்திலிருந்து ராக்வீட் செடியின் மகரந்தம். மூக்கு அடைத்து, கண் அரித்து, நாள் பூரா கசக்கினால் அந்த இடம் கறுத்துத் தடித்துப் போகும்.

ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். தோலை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் விலக்கியும் பழுப்பு நிறம் அப்படியே இருந்தால் பெரும்பாலும் நிறமி. நீலம், ஊதாச் சாயல் தெரிந்தால் ரத்தக் குழாய். வெளிச்சத்தை நோக்கி முகத்தைத் தூக்கியதும் கருமை காணாமல் போனால் அது நிழல். நிழலை எந்த க்ரீமும் போக்காது. ரத்தக் குழாயை வெளுப்பு க்ரீம் ஒன்றும் செய்யாது. இது தெரிந்தாலே பாதிப் பணம் மிச்சம்.

இப்போது ராத்திரி வேலைக்கு வருவோம். மஸ்காராவும் ஐலைனரும் தண்ணீர் பட்டாலும் கலையாதவை என்றால், சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்ப்பதில் பயனில்லை. எண்ணெயில் கரைவதை எண்ணெயால்தான் எடுக்க வேண்டும். வாசனை சேர்க்காத க்ளென்சிங் பாம், அல்லது கண்ணுக்கென்று உள்ள ரிமூவர் போதும். பஞ்சில் நனைத்து, மூடிய கண்ணின் மேல் முப்பது நொடி சும்மா வைத்திருங்கள். கரைந்த பிறகு மெதுவாகக் கீழ்நோக்கித் துடைத்தால் தானாக வந்துவிடும். அழுத்தம் வேண்டாம். பிறகு மிதமான தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் காயும் முன் சாதாரண மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவுங்கள். வெளியே பனி, வீட்டுக்குள் ஹீட்டர் என்று இருக்கும் மாதங்களில் இந்தக் கடைசிப் படியை விடவே கூடாது. வறண்ட தோலில்தான் மறுநாள் கன்சீலர் வெடித்து, கோடு கோடாகத் தெரியும். அதை மறைக்க இன்னும் அதிகம் பூசுவோம், ராத்திரி இன்னும் அழுத்தித் தேய்ப்போம். இந்தச் சுழற்சியை உடைக்கும் இடம் காலை அல்ல, ராத்திரிதான்.

காலையில் குறைவாகப் பூசுவதற்கும் வழி இருக்கிறது. நம் நிறத்துக்கு வெளிறிய கன்சீலரை நேரடியாகப் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், அதனால் அடுக்கடுக்காகப் போடுவோம். முதலில் ஆரஞ்சு அல்லது பீச் நிறக் கரெக்டர் ஒரு துளி தொட்டு வைத்தால் நீலச் சாயல் அடங்கிவிடும். அதன்மேல் கன்சீலர் மெல்லிய ஒரு பூச்சு போதும். விரல் நுனியால் தட்டுங்கள், இழுக்காதீர்கள். இதற்கெல்லாம் முன்னால் சன்ஸ்க்ரீன். நிறமியை வெயில் இன்னும் கறுக்க வைக்கும். கண் எரியாமல் இருக்க ஜிங்க் ஆக்சைடு உள்ளது பலருக்கு ஒத்துவரும். நிறம் சேர்த்த சன்ஸ்க்ரீனில் உள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கொஞ்சம் தடுக்கும். மாநிறத் தோலுக்கு அது கூடுதல் லாபம்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் வரிசையை மாற்றக் கூடாது. லென்ஸ் போட்ட பிறகு மேக்கப். ராத்திரி லென்ஸைக் கழற்றிய பிறகுதான் மேக்கப்பை எடுக்க வேண்டும். மஸ்காராவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள், ஏனென்றால் அந்தக் குப்பிக்குள் கிருமி வளரும். இமையின் உள்விளிம்பில் மை தீட்டினால் கண்ணீரைக் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அடைபடும். நாள் முழுக்க லேப்டாப் பார்க்கிற நாம் ஏற்கெனவே குறைவாகத்தான் இமைக்கிறோம். கண் உலர்ந்து எரிய, நாம் மறுபடியும் கசக்குவோம்.

இமை சிவந்து அரித்தால் பழியை ஐலைனர் மேல் மட்டும் போடாதீர்கள். நகப்பூச்சு, தலைமுடிச் சாயம், வாசனைப் பொருட்கள் இவற்றின் ஒவ்வாமைகூட இமையில் வந்து நிற்கும். விரலால் கண்ணைத் தொடுகிறோம் அல்லவா! புதிதாக எதை வாங்கினாலும் சில நாள் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

இனி சூட்கேஸ் விஷயம். ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் “அந்த க்ரீம் நாலு வாங்கிட்டு வா” என்று சொல்லாத வீடு குறைவு. “ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆயிடும்” என்பார் கொடுத்து அனுப்பும் அத்தை. ஒரே வாரத்தில் வெளுக்க வைக்கும் க்ரீமைப் பார்த்து நாம் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். அப்படி வேலை செய்பவற்றில் பாதரசம், வீரியமான ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன் போன்றவை ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. அனுமதியில்லாமல் விற்கப்பட்ட இப்படிப்பட்ட வெளுப்பு க்ரீம்களைக் கனடாவின் சுகாதாரத் துறை கடைகளிலிருந்து பலமுறை பறிமுதல் செய்து எச்சரித்திருக்கிறது.

பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். பூசிக்கொள்கிற அம்மாவோடு அது நிற்பதில்லை. துண்டு, தலையணை, கை வழியாகக் குழந்தைக்கும் போகும். லேபிளில் கேலோமெல், மெர்குரஸ் குளோரைடு என்று எதைப் பார்த்தாலும் தொடாதீர்கள். லேபிளே இல்லையென்றால் அதைவிட மோசம். ஸ்டீராய்டு முதலில் பளபளப்பைக் கொடுக்கும், பிறகு ஏற்கெனவே மெல்லிய தோலை இன்னும் மெலிய வைக்கும். ரத்தக் குழாய் வெளியே தெரிந்து கருமை முன்னைவிடக் கூடும். கண்ணருகே நீண்ட நாள் பயன்படுத்தினால் கண் அழுத்தம் ஏறி, பார்வைக்கே ஆபத்து வரலாம். இந்தியாவில் 2018இல் ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கத் தடை போட்டார்கள். மாதக்கணக்கில் பூசி வந்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும்; தோல் மருத்துவரிடம் காட்டி அவர் சொல்கிறபடி குறையுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு வேறு விஷயம், அதைப் பயந்துபோய் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கண்மையிலும் அதே எச்சரிக்கை. பாரம்பரிய சுர்மாவில் ஈய சல்பைடு சேர்ப்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் கோல், காஜல், சுர்மா என்ற பெயர்களில் வரும் அந்த வகை மைக்கு அனுமதி இல்லை. பெயரில் காஜல் என்று இருப்பதெல்லாம் விஷம் என்று அர்த்தமில்லை. என்ன சேர்த்தது, யார் செய்தது என்று தெரியாததுதான் பிரச்சினை. குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. திருஷ்டிக்கு ஒரு பொட்டு வைத்தே ஆகணும் என்று பாட்டி வீடியோ காலில் பிடிவாதம் பிடித்தால், உள்ளங்காலில் வைப்பதும் நம்ம வழக்கம்தானே? அதற்கும் லேபிள் உள்ள மையையே எடுங்கள். கண்ணுக்குள் மட்டும் எதுவும் வேண்டாம். வீட்டில் விளக்குக் கரியில் செய்ததும் குழந்தையின் கண்ணுக்குத் தேவையில்லை.

“அப்போ விலை அதிகமான ஐ க்ரீம் வாங்கட்டுமா?” என்று கேட்டால், அவசரமில்லை என்பேன். வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் பலருக்குப் போதும். காஃபின் உள்ளவை வீக்கத்தைச் சில மணி நேரம் குறைக்கும். வெள்ளரித் துண்டு தருவது குளிர்ச்சி மட்டுமே. குளிர்ந்த ஸ்பூனும் அதைத் தரும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் கண் பக்கமே வரக் கூடாது. ரெட்டினால் சிலருக்குப் பலன் தரும், ஆனால் இந்த இடத்தில் எளிதில் எரிச்சல் வரும்; கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள், குறைந்தது வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில், கேமராவையும் மேக்கப்பையும் சேர்த்தே நிறுத்திப் பாருங்கள். அது செலவில்லாத சிகிச்சை.

கருமை திடீரென்று கூடினாலோ, ஒரு கண்ணுக்குக் கீழே மட்டும் வந்தாலோ, மூச்சு வாங்குவது, சோர்வு என்று சேர்ந்து வந்தாலோ டாக்டரைப் பாருங்கள். மாதவிலக்கு அதிகமுள்ள பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு சகஜம். முகம் வெளிறும்போது கருவளையம் தூக்கலாகத் தெரியும். அலர்ஜி என்றால் அதற்கு மாத்திரையும் சொட்டு மருந்தும் இருக்கின்றன. அங்கே கன்சீலர் விடை அல்ல.

கடைசியாக ஒரு வார்த்தை, இதைப் படிக்கும் ஆண்களுக்கும் சக ஊழியர்களுக்கும். கண்ணுக்குக் கீழே கருமை தெரிந்தால் உடனே களைப்பு, நோய் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். நம்மில் பலருக்கு அது அம்மாவிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் வந்த நிறம். “தூங்கலையா?” என்று கேட்பதற்குப் பதில் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். தினமும் அந்தக் கேள்விக்குப் பயந்து பூசுகிறவர்கள் கொஞ்சம் குறைவாகப் பூசுவார்கள். ராத்திரி தேய்ப்பதற்கும் அவ்வளவு இருக்காது.