வாளியால் கடலைத் துடைக்க முடியுமா?



ஒரு கரண்டி எண்ணெய் தரையில் கொட்டினாலே துடைக்கத் துடைக்க வழுக்கும். கப்பல் எண்ணெய் கடலில் கொட்டினால்?

2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொண்டன. கொட்டிய எண்ணெய், கடல் நீரோடு கலந்து கறுப்புக் கூழாகிக் கரையில் படிந்தது. ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன் வாங்க மக்கள் பயந்தார்கள். மீனவர்களின் பிழைப்பு கெட்டது.

அந்தக் கூழை எதைக் கொண்டு அள்ளினார்கள் தெரியுமா? வாளியால்! இயந்திரங்கள் வந்தன, ஆனால், எண்ணெய் கெட்டியாகி விட்டதால் அவற்றால் சரியாக உறிஞ்ச முடியவில்லை. இளைஞர்களும் மீனவர்களும் கடலோரக் காவல் படையினரும் கையால் அள்ளினார்கள். அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், அந்த எண்ணெய் தோலுக்கும் கெடுதல், மூச்சுக்கும் கெடுதல். 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணூர் ஆற்றில் எண்ணெய் கலந்தது. அப்போதும் மீனவர்கள் கையில் வாளிதான்!

அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்தில் அரசுக்குச் சொந்தமான பெரிய தொட்டி ஒன்று உள்ளது. நீளம் 203 மீட்டர். அதில் உப்பு நீர் நிரப்பி, செயற்கை அலை எழுப்பி, எண்ணெயை ஊற்றி, இயந்திரங்களைச் சோதிக்கிறார்கள். 2011ல் அங்கே நடந்த போட்டியில் வென்ற கருவி, நிமிடத்துக்குச் சுமார் 17,600 லிட்டர் எண்ணெயை அள்ளியது. பத்து லிட்டர் வாளியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,760 வாளி!

'பள்ளிக்கூடம் கட்டவே பணம் போதாத போது, எப்போதோ வரும் விபத்துக்கு அரசு செலவு செய்யலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். தீப்பிடித்த பிறகா தீயணைப்பு வண்டி வாங்குகிறோம்? எண்ணூரில் படிந்தது போன்ற கெட்டி எண்ணெயையும் அள்ளும் கருவியை, விபத்துக்கு முன்பே உருவாக்கிச் சோதித்து வைக்க வேண்டும். அந்த ஆராய்ச்சிக்கு அரசுதான் பணம் ஒதுக்க வேண்டும்.

முழுச் சுமையும் மக்கள் தலையில் விழ வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1990ல் வந்த சட்டப்படி, ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சில சென்ட் வரி வாங்கி, தனி நிதி சேர்த்தார்கள். எண்ணெயால் லாபம் பார்ப்பவர்கள், கடலைக் காக்கவும் கொஞ்சம் கொடுப்பதுதானே நியாயம்?

நாளை உங்களில் ஒருவர் அந்தக் கருவியைக் கண்டுபிடிக்கலாம். அதற்கான ஆய்வுக்கூடத்தை இன்றே கட்டித் தருவது பெரியவர்களின் கடமை. அடுத்த முறை கடலுக்கு ஆபத்து வந்தால், மீனவர் கையில் வாளியைக் கொடுத்துவிட்டு நாம் வேடிக்கை பார்க்கக் கூடாது!

- ஆசிரியர்