கேரவன் கழிவு... யார் தலையில்?

சினிமா நட்சத்திரங்களின் கேரவனில் கழிவறை கழிவு வண்டிக்கு அடியில் உள்ள தொட்டியில்தான் சேரும். நிரம்பினால் எங்கே கொட்டுறது? அதுதான் சிக்கல்.

'வால்வை திறந்தா போச்சு' என்று நினைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் சிகாகோ நகரில் 2004 ஆகஸ்டில் டேவ் மேத்யூஸ் இசைக்குழுவின் பஸ் ஆற்றுப்பாலத்தில் போனது. டிரைவர் தொட்டியை திறந்து விட்டார். பாலத்தின் தளமோ இரும்புக் கம்பி வலை. சுமார் 360 கிலோ கழிவு, கீழே படகில் போன சுற்றுலா பயணிகள் தலையில் கொட்டியது. டிரைவருக்கு 10 ஆயிரம் டாலர் அபராதம். இசைக்குழுவும் 2 லட்சம் டாலர் கட்டியது.

நிரம்பும் முன்பே கழிவுநீர் லாரியை கூப்பிட்டு உறிஞ்ச வைப்பதே வழி. அந்த செலவை வாடகை பேசும்போதே சேர்க்கணும். இல்லேன்னா டிரைவர் தலையிலதான் விடியும்!