பாடும் பாடமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

பழவேற்காடு என்றதும் நம் கல்லூரி நண்பர்களுக்கு நினைவுக்கு வருபவை ஏரியில் வந்திறங்கும் பூநாரைகளும், டச்சுக்காரர் விட்டுச் சென்ற கல்லறைகளும்தாம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. அதன் கரையில் ஒரு மீனவர் வீட்டில் பிறந்து, எங்கள் குடும்பத்திலேயே முதலாவதாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். பூநாரைகளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது, அக்கரையில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் பற்றி.

ஏன் இந்த மூன்று வகுப்புகள்? பன்னிரண்டு வயதில்தான் பையனின் கை வலையை இழுக்கும் அளவுக்கு வலுக்கிறது. பெண் பிள்ளையின் கை அடுப்பைப் பார்க்கும் அளவுக்குத் தேர்கிறது. அதே வயதில்தான் பாடமும் கடினமாகிறது. பின்னமும் இயற்கணிதமும் வந்ததும், "எனக்கு இன்னா தெரியும்? வாத்தியாரு பாத்துக்குவாரு" என்று பெற்றோர் விலகிக்கொள்கின்றனர்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, ஆள் குறைந்த இரவுகளில் அப்பாவுடன் ஏரிக்குப் போவேன். மறுநாள் வகுப்பில் தூங்குவேன். ஆண்டு இறுதியில் 'தேர்ச்சி' என்று எழுதிய அட்டை வீட்டுக்கு வந்தது. அப்பா மகிழ்ந்தார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது. 2019இல் சட்டம் திருத்தப்பட்ட பின்பும் தமிழகம் அந்த முறையையே தொடர்கிறது. நல்ல முறைதான், தோல்வி என்ற சொல்லால் பிள்ளைகள் பள்ளியை விட்டு ஓடுவதைத் தடுக்கிறது. ஆனால் தேர்ச்சி வேறு, தெளிவு வேறு. அந்த வேறுபாடு ஒன்பதாம் வகுப்பில்தான் என் தலையில் இடித்தது.

என்னைக் காப்பாற்றியவர் எழுத்தறியாத என் அம்மா. இறாலைத் தரம் பிரித்தபடியே, "இன்னிக்கி இன்னாடா சொல்லிக் குடுத்தாங்க? எனக்குப் புரியறாப்போல சொல்லு" என்பார். நான் எங்கே தடுமாறுகிறேன் என்பதைச் சட்டென்று கண்டுகொள்வார். ஏலத்தில் வியாபாரியின் தயக்கத்தைக் கண்டுகொள்பவர் அல்லவா? "இது உனக்கே தெரியலை, நாளைக்கிப் போயி வாத்தியாரைக் கேளு" என்று முடிப்பார். அப்பாவும் மெல்ல மெல்லப் பள்ளி நாளின் முன்னிரவில் என்னைத் தோணிக்கு அழைப்பதை நிறுத்தினார். இந்த இரண்டும் இல்லையென்றால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

பெற்றோர் பாடம் நடத்த வேண்டியதில்லை, கேட்டால் போதும். தூங்கவிட்டால் போதும். பிடித்த மீனின் பங்குக் கணக்கைப் பிள்ளையைப் போடச் சொன்னால், அதுவே பின்னப் பாடம். ஏரி நீர் எப்போது உப்பேறும், எப்போது குறையும் என்று அப்பா சொன்னால், அதுவே அறிவியல் பாடம்.

வறுமை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. முகத்துவாரம் தூர்ந்து மீன் குறையும் காலத்தில் ஒரு கையின் உதவி பெரிது. ஆனால் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோர் பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் மட்டுமே குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. இரவு பள்ளி நேரமல்ல என்று வாதிடலாம். இழந்த தூக்கம் பள்ளி நேரத்தில்தானே வருகிறது! மேலும், கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 2022ஆம் ஆண்டின் புதுமைப் பெண் திட்டத்துக்கும், 2024ஆம் ஆண்டின் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குத் தொடங்குகிறது. இதை எத்தனை பெற்றோர் அறிவர்?

எங்கள் பகுதியின் சில குப்பங்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் மீன் நன்றாகக் கிடைக்கும் இடம் வலியவனுக்கே போய்விடாதபடி, ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, முறைவைத்து வலை கட்டும் இடத்தைப் பங்கிடுவார்கள். ஏரிக்கு இத்தனை நீதி கண்ட ஊர், கல்வியை மட்டும் அவரவர் வீட்டு அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடலாமா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த இருக்கைகள் நம் தாய்மார்களுக்கு உரியவை. அங்கே போய், "என் பிள்ளை தேர்ச்சியா என்று கேட்கவில்லை, அவனுக்குப் படிக்கத் தெரிகிறதா?" என்று அவர்கள் கேட்கட்டும். குப்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த நாமும் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, மாலையில் ஒரு மணி நேரம் நான்கு பிள்ளைகளோடு உட்காருவோம். நமக்கு முறை வந்துவிட்டது. அடுத்த முறை அவர்களுடையது.