காலி இடம் விடத் தெரியாத சாப்ட்வேர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், "வீட்டில் இருந்தபடியே மெடிக்கல் ட்ரான்ஸ்கிரிப்ஷன் செய்து சம்பாதிக்கலாமா?" என்று என்னிடம் கேட்பது உண்டு. இப்போது அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. "பேசினால் கம்ப்யூட்டரே டைப் செய்துவிடுகிறதே, இனிமேல் இதற்கு ஆள் எதற்கு?" இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

இந்த வேலையைப் பற்றி அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், நோய், பரிசோதனை, மருந்து ஆகியவற்றை வாயால் சொல்லிப் பதிவு செய்கிறார். அந்த ஆடியோ பைல் இன்டர்நெட் வழியே சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ வருகிறது. அங்கே அவர்களுக்கு இரவு என்றால் இங்கே நமக்குப் பகல். காதில் ஹெட்போன், காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு பெடல். பெடலை அழுத்தினால் ஆடியோ ஓடும், எடுத்தால் நிற்கும். கேட்டதை டைப் செய்து அனுப்ப வேண்டும். இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்துகளை ஒரு வரி என்று கணக்கிட்டுக் கூலி தருவது இத்தொழிலின் வழக்கம். 2000ஆம் ஆண்டை ஒட்டி இதற்கான பயிற்சி நிலையங்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு முளைத்தன.

டைப்பிங் தெரிந்தால் போதும் என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் பலர். உண்மையில் இது காதுக்கான வேலை. மருத்துவ எடிட்டர்களுக்கான சாப்ட்வேர் ஒன்றை எழுதும் குழுவில் இருந்தபோது, சில வாரங்கள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஹெட்போன் மாட்டிக் கேட்டிருக்கிறேன். ஒரு டாக்டர் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே பேசுவார். இன்னொருவர் காரை ஓட்டிக்கொண்டு பேசுவார். இண்டிகேட்டர் சத்தம் கூடக் கேட்கும். ஒருவர் பத்து வரி சொல்லிவிட்டு, "அதை அடித்துவிடு, முதலிலிருந்து சொல்கிறேன்" என்பார். சிலர் கமா, புல்ஸ்டாப் எல்லாம் சொல்லி, முடிவில் டைப் செய்பவருக்கு நன்றியும் சொல்வார்கள். அப்படிப்பட்டவரின் பைல் கிடைத்த நாளில் எடிட்டர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

அடுத்தது உச்சரிப்பு. அமெரிக்க டாக்டர்கள் எல்லோரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள் அல்லர். இந்தியா, பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான், சீனா என்று பல நாட்டவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். பிலிப்பைன்ஸ்காரர் சிலர் 'ஃபீவர்' என்பதைப் 'பீவர்' என்பார்கள். ஆந்திராவிலிருந்தோ மதுரையிலிருந்தோ போனவர் பேசினால் நம் ஊர் எடிட்டர்களுக்குச் சுலபம். அதே ஆடியோவை வைத்துக்கொண்டு அமெரிக்க எடிட்டர் திணறுவார். நமக்குச் சிரமம் தருவது அசல் அமெரிக்கர்தான். 'கேன்ட்' என்று சொல்லும்போது கடைசி 'ட்' ஒலியை விழுங்கிவிடுவார். நோயாளியால் முடியும் என்றாரா, முடியாது என்றாரா? அறிக்கையில் இரண்டும் நேர் எதிர்.

இது போன்ற பொறிகள் நிறைய. 'பிஃப்டீன்' மில்லிகிராமா, 'பிஃப்டி' மில்லிகிராமா? ஹைப்பர்டென்ஷன் என்றால் உயர் ரத்த அழுத்தம், ஹைப்போடென்ஷன் என்றால் குறைந்த ரத்த அழுத்தம். செலிபிரெக்ஸ் மூட்டுவலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு. கையை உடம்பிலிருந்து விலக்குவது அப்டக்ஷன், உடம்பை நோக்கிக் கொண்டு வருவது அட்டக்ஷன். இந்த இரண்டில் குழப்பம் வரக்கூடாது என்று கவனமுள்ள டாக்டர்கள் 'ஏ-பி-டக்ஷன்', 'ஏ-டி-டக்ஷன்' என்று எழுத்தைப் பிரித்தே சொல்வார்கள்.

சரி, கேட்கவில்லை என்றால் என்ன செய்வது? நல்ல எடிட்டர் அந்த இடத்தைக் காலியாக விட்டு, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று குறித்து அனுப்புவார். தர ஆய்வாளர் மறுபடி கேட்பார். அவருக்கும் புரியாவிட்டால் அது டாக்டருக்கே போகும். ஊகித்து நிரப்பக் கூடாது. பயிற்சியில் முதலில் சொல்லித் தரும் பாடம் இதுதான். காலி இடம் அதிகமானால் திட்டு விழும். ஆனாலும் தப்பான மருந்தை எழுதியவருக்கு விழும் திட்டோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இப்போது சாப்ட்வேருக்கு வருவோம். 1997இல் டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங் வந்தபோது, அதற்குச் சில பக்கங்களை வாசித்துக் காட்டி நம் குரலைப் பழக்க வேண்டியிருந்தது. இன்றைய சாப்ட்வேர்களுக்கு அது தேவையில்லை, வேகமும் அதிகம். சாதாரணக் கடிதத்துக்கு நானே இவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் இவை வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். ஒலி தெளிவாக இல்லாதபோது, அந்த இடத்தில் பொதுவாக எந்தச் சொல் வரும் என்று கணக்கிட்டு அதைப் போட்டுவிடுகின்றன. மனிதர் காலி இடம் விடும் அதே இடத்தில் இவை சரளமான, இலக்கணப் பிழையில்லாத ஒரு வாக்கியத்தை எழுதுகின்றன. கண்ணால் படித்தால் தவறு தெரியாது.

2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சாப்ட்வேர் எழுதிய மருத்துவக் குறிப்புகளில் 100 சொற்களுக்கு 7.4 பிழைகள் இருந்தன. மனிதர் திருத்திய பிறகு அது 0.4 ஆகக் குறைந்தது. அதன் பிறகு சாப்ட்வேர்கள் நிறைய முன்னேறிவிட்டன என்பது உண்மை. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல. 2020இல் ஐந்து பெரிய நிறுவனங்களின் சாப்ட்வேர்களைச் சோதித்தபோது, வெள்ளை அமெரிக்கர் பேச்சில் சராசரியாக 19 சதவீதச் சொற்கள் பிழையாயின, கறுப்பின அமெரிக்கர் பேச்சில் 35 சதவீதம். 2022இல் வந்த விஸ்பர் சாப்ட்வேரை ஆராய்ந்தவர்கள், சுமார் 1 சதவீதப் பதிவுகளில் யாருமே பேசாத முழுச் சொற்றொடர்களை அது எழுதியிருந்ததாக 2024இல் தெரிவித்தார்கள். பேச்சில் நீண்ட மௌனம் இருந்த பதிவுகளில் இது அதிகம். யோசித்து யோசித்துப் பேசும் டாக்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு. ஒவ்வொரு சொல்லையும் எவ்வளவு உறுதியாகக் கேட்டது என்று ஒரு மதிப்பெண்ணைப் பல சாப்ட்வேர்கள் உள்ளுக்குள் வைத்திருக்கின்றன. திரையில் காட்டுவதில்லை. வண்ணம் போட்டுக் காட்டினால் சாப்ட்வேர் சுமார் என்று வாங்குபவர் நினைப்பாராம்! தவறான சொல்லுக்கே அதிக மதிப்பெண் கொடுக்கும் சந்தர்ப்பமும் உண்டு, மறுக்கவில்லை. அதற்காகச் சந்தேகத்தை மறைத்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு, இதைத் திருத்தும் எடிட்டருக்கு வரிக்குக் குறைந்த கூலி தருகிறார்கள். புதிதாக டைப் செய்வதை விட, சரியாகத் தோன்றும் வரியில் ஒளிந்திருக்கும் பிழையைப் பிடிப்பதுதான் கடினம்.

வீட்டில் விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் நோட்பேடைத் திறந்து, விண்டோஸ் கீயுடன் ஹெச் கீயை அழுத்தி, நான் மேலே சொன்ன மருந்துப் பெயர்களையும் எண்களையும் உங்கள் உச்சரிப்பிலேயே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டு இன்னொரு முறை சொல்லுங்கள்.

முதல் கேள்வி பாக்கி இருக்கிறது. வேலை உண்டு, ஆனால் முன்பு போல் கூட்டம் கூட்டமாக எடுக்க மாட்டார்கள். தேவைப்படுவது டைப்பிஸ்ட் அல்ல, உடற்கூறும் மருந்துப் பெயர்களும் தெரிந்த எடிட்டர். சேர நினைப்பவர்கள் ஆறு மாதமாவது மருத்துவச் சொற்களைப் படித்து, பல நாட்டு ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகிக்கொள்ளவும். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் அல்லது 'ரிஜிஸ்ட்ரேஷன்' கட்டணம் கேட்டால், அந்த விளம்பரத்தை அப்படியே மூடிவிடவும்.