குழந்தையின் இறப்பும் காக்கப்பட வேண்டிய இரகசியமும்

ஒரு குழந்தை இறந்தால், அடக்கம் முடியுமுன்னே ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. "தாய் கவனிக்கவில்லை" என்பார்கள். இல்லையேல் "நர்சு போட்ட ஊசிதான்" என்பார்கள். சங்கரன்கோவில் வட்டார அன்பியங்களில் மட்டும் இப்பேச்சு இல்லை என்று நாம் சொல்லிவிட முடியுமா?

இந்திய அரசு 2014-இல் வெளியிட்ட குழந்தை இறப்பு மறுஆய்வு வழிகாட்டுதல், ஐந்து வயது நிறைவடையாத குழந்தைகளின் இறப்பை ஆராயச் சொல்கிறது. களப்பணியாளர் தகவல் தருகிறார். செவிலியர் வீட்டிற்குச் சென்று விசாரிக்கிறார். மருத்துவமனையில் இறந்தால் அங்குள்ள பொறுப்பு மருத்துவர் படிவம் நிரப்புகிறார். மாவட்டக் குழு இவற்றைச் சேர்த்துப் பார்க்கிறது. காய்ச்சல் என்று தொடங்கியது, 108 வண்டி எப்போது வந்தது, எங்கிருந்து எங்கே அனுப்பினார்கள் என்பவையே கேள்விகள். யாரையும் தண்டிப்பது நோக்கமன்று.

சிக்கல் இங்கேதான். விசாரிக்க வரும் செவிலியரே அத்தாயைக் கர்ப்பகாலத்தில் கவனித்தவராகவும் இருக்கலாம். தன்மேல் பழி வருமென அஞ்சினால் குறைத்து எழுதுவார். தாயும் பாதியை விழுங்கிவிடுவாள். எனவேதான் பெயர்கள் வெளிவரக் கூடாது. ஆனால் இரகசியம் என்ற பெயரில் பாடத்தையும் பூட்டி வைப்பதை நாம் ஏற்க இயலாது. வண்டி தாமதித்தது என்றால் அதை ஊர் அறியலாம். யாருடைய குழந்தை என்பதை அறிய வேண்டியதில்லை.

தமிழகத்தில் ஆயிரம் பிறப்புகளுக்குக் குழந்தை இறப்பு 2020-இல் 13, இந்தியாவில் 28. அந்தப் பதின்மூன்றிலும் ஒவ்வொன்றும் ஒரு வீடு. படிவத்தோடு செவிலியர் அவ்வீட்டிற்குள் வரும்போது, ஆறுதல் சொல்ல அமர்ந்திருக்கும் நாம் எழுந்து வெளியே சென்றுவிடுவோம்.