எவர் பாட்டு?



சென்ற ஆண்டு வகுப்பொன்றில் மார்கழிக் காலத்து மணியோசைபோல் ஒலிக்கும் பாடலொன்றை மாணவர்களுக்குக் கேட்பித்தேன். “இஃது ஆங்கிலேயரின் நத்தார்ப் பாட்டு ஐயா” என்றான் ஒரு மாணவன். அவனைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தவன்.

உண்மையில் அது ‘ஷெட்ரிக்’ என்னும் உக்ரேனியப் புத்தாண்டுப் பாட்டு. பழைய நாட்டுப்பாடல் மெட்டொன்றைக்கொண்டு மிக்கோலா லெயோந்தோவிச் அமைத்த அவ்வுருப்படி 1916இல் கீவ் நகரில் அரங்கேறியது. வீட்டுவாசலில் வந்து நற்செய்தி கூறும் தகைவிலான் குருவியொன்றே அதன் பொருள். 1922இல் உக்ரேனியப் பாடகர் குழு அதனை நியூயோர்க் நகரின் கார்னெகி மண்டபத்திற் பாடிற்று. 1936இல் ஆங்கிலச் சொற்கள் பெற்று உலகெங்கும் பரவிற்று. அதனை இயற்றியவரோ, 1921 ஜனவரியில், தந்தையார் இல்லத்திலேயே சோவியத் இரகசியப் பொலிஸ் ஏவலாளன் ஒருவனாற் சுடப்பட்டு மாண்டார்.

2022ஆம் ஆண்டில் ரஷ்யப் படையெடுப்பு விரிவடைந்த பின்னர், மேலைநாட்டுச் சிற்றரங்குகளில் பாக், விவால்டி முதலிய பரோக் மேதைகளின் உருப்படிகளோடு உக்ரேனிய இசையையும் சேர்த்து வாசிக்கும் வழக்கம் பரவியது. இஃது அனுதாபத்தால் நேர்ந்த சேர்க்கைதானா, அன்றி இசையிலேயே இதற்கு நியாயம் உண்டா?

உண்டு என்பதே என் துணிபு. பரோக் இசைக்கு அடித்தளம் தாழ்சுர வரிசையாகும். செலோ அதனை நீள இழுக்க, ஹார்ப்சிகோர்ட் வாசிப்பவர் எழுத்திலுள்ள எண்குறிகளைக் கண்டு மேற்சுரங்களைத் தாமே நிரப்புவார். இக்கலையின் தாயகமான இத்தாலிக்குக் கற்கச் சென்றவர்களுள் உக்ரேனிய மண்ணிற் பிறந்தோரும் இருந்தனர். மக்சிம் பெரெசோவ்ஸ்கி பொலோனியா நகரிலே மார்ட்டினிப் பாதிரியாரிடம் பயின்றார். 1770இல் மோட்சார்ட்டை உறுப்பினராக ஏற்ற சங்கீத சபையே 1771இல் அவரையும் ஏற்றது. 1772இல் வயலினுக்கும் ஹார்ப்சிகோர்ட்டுக்குமாக அவர் இயற்றிய சொனாட்டா, இரு நூற்றாண்டுகள் கடந்தே அச்சேறிற்று. 1751இல் குளூகிவ் நகரிற் பிறந்த போர்ட்னியான்ஸ்கியும் வெனிஸ் நகரத்துக் கலுப்பியின் மாணாக்கரே.

இருவரும் பின்னர் ரஷ்ய அரசவையிற் பணிபுரிந்தனர். ஆதலின் ரஷ்ய இசைஞர் என்றே நூல்களில் இடம்பெற்றனர். அவர்தம் இசை ரஷ்ய வரலாற்றிலும் ஒரு பகுதி என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் பிறந்த நாட்டின் பெயர் மறைந்துபோனதற்கு வேறு காரணமும் உண்டு. 1876இல் இரண்டாம் அலெக்சாந்தர் பேரரசர் பிறப்பித்த ஆணை, உக்ரேனிய மொழியில் நூல் அச்சிடுவதைப் பெரும்பாலும் தடுத்ததோடு, இசைத்தாளில் அம்மொழிச் சொற்களை அச்சிடுவதையும் விலக்கிற்று. இத்தகைய தடைகளுக்கிடையே நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்த பெருமை மிக்கோலா லிசென்கோ என்பாரைச் சாரும்.

துன்புறும் நாட்டின் இசை என்பதற்காகக் கைதட்டுவது எளிது. போர்ச்செய்தி பழகியதும் அக்கைதட்டலும் ஓய்ந்துவிடும். பாக்கின் உருப்படியைக் கேட்கும் அதே செவியோடும் அதே கண்டிப்போடும் பெரெசோவ்ஸ்கியைக் கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. சிறந்தது நிற்கும், சிறவாதது நிற்காது.

மறுவாரம் அதே மாணவன் தன் குறிப்பேட்டைக் காட்டினான். பாட்டின் பெயருக்கு எதிரே லெயோந்தோவிச்சின் பெயரைத் தெளிவாக எழுதியிருந்தான்.