பார்க்கிங்ல ஒரு பிளக் பாயிண்ட் குடுங்கய்யா!

ரொம்ப நாள் கழிச்சு பதிவு போடறேன். போட வச்ச புண்ணியவான் எங்க ஆவடி வீட்டு ஓனர்.

"சார், ஸ்கூட்டர கீழ சார்ஜ் போடாதீங்க. தீப்புடிச்சா மொத்த பில்டிங்கும் போயிடும்."

"சரிங்க, வேற எங்க போடறது?"

"பேட்டரியக் கழட்டி மேல உங்க வீட்டுக்குள்ள போட்டுக்குங்க."

அடங்கொக்கமக்கா! கீழ எரிஞ்சாத்தான் ஆபத்து, எங்க ஹால்ல எரிஞ்சா கற்பூர ஆரத்தியா?

2022 மார்ச்ல வேலூர்ல நடந்தது ஞாபகம் இருக்கா? ராத்திரி வீட்டு வாசல்ல சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் எரிஞ்சு, உள்ள இருந்த அப்பாவும் மகளும் மூச்சுத் திணறியே போயிட்டாங்க. அதே செப்டம்பர்ல செகந்திராபாத்ல, கீழ மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேல லாட்ஜ். 8 பேர் பலி. ரெண்டு இடத்துலயும் பாடம் ஒண்ணுதான்: வெளிய ஓடற வழியில பேட்டரி இருக்கக் கூடாது. லித்தியம் செல் ஒண்ணு கட்டுமீறி சூடானா பக்கத்து செல்லையும் இழுத்துக்கும். நாம வாளியில தண்ணி புடிக்கிறதுக்குள்ள வீடு பூரா நச்சுப் புகை.

ஓனரை மட்டும் திட்டினா நியாயமில்ல. நம்ம ஆளுங்களும் லேசுப்பட்டவங்களா? "ரெண்டும் 48 வோல்ட்தானே"ன்னு பக்கத்து வீட்டு சார்ஜரை வாங்கி மாட்டற வீரர்கள் நாம! 13 செல் என்எம்சி பேட்டரி 54.6 வோல்ட்ல நிறைஞ்சிடும். 16 செல் எல்எஃப்பி சார்ஜரோ 58.4 வோல்ட் வரைக்கும் தள்ளும். மாத்திப் போட்டா செல்லுக்கு 4.2 தாண்டக் கூடாதது கிட்டத்தட்ட 4.5க்குப் போகும். உள்ள இருக்கற பிஎம்எஸ் தடுக்கும்தான். ஆனா அது கடைசிக் காவல்காரன், தினமும் அவனை சோதிக்கலாமா? மே மாச வெயில்ல அம்பத்தூர்ல இருந்து ஓட்டி வந்த சூட்டோட சார்ஜ் போடறதும், விடிய விடிய போட்டுட்டுத் தூங்கறதும் இதே வீரம்தான். (ரெண்டாவதை நானும் செஞ்சிருக்கேன். இப்ப இல்ல.)

"அப்ப மின்சார வண்டியே வேணாம்"னு கிளம்பாதீங்க. 2022 விபத்துகளுக்கு அப்புறம் ஏஐஎஸ்-156 விதிகளை இறுக்கி, அந்த டிசம்பர்லயும் 2023 மார்ச்லயும் ரெண்டு கட்டமா அமல்படுத்தினாங்க. வீட்டு கனெக்‌ஷன்லயே சார்ஜ் போட்டுக்கலாம்னு மத்திய மின்துறை 2022 ஜனவரியிலயே சொல்லியாச்சு. மிச்சம் நம்ம கையில.

வீட்டு ஓனர்களே, நான் கேக்கறது தங்க முலாம் பூசின சார்ஜிங் ஸ்டேஷன் இல்ல. மாடிப்படியை விட்டுத் தள்ளி, காத்தோட்டமான மூலையில, எர்த் உள்ள ஒரு 16 ஆம்பியர் பிளக், தனி எம்சிபி, ஒரு சப்-மீட்டர். கரண்ட் காசு நாங்க குடுத்துடறோம். சில ஆயிரம் செலவுக்கு யோசிச்சு, ஆபத்தை மாடியேத்தி எங்க கட்டிலுக்குப் பக்கத்துல வைக்காதீங்க.

டிஸ்கி: எங்க ஓனர் வலைப்பதிவு படிக்கறதில்ல. அந்த தைரியம்தான் :-)